செவ்வாய் என் முறை

ஓல்ட்டனில் எங்கள் கட்டடத்தில்
உடுப்புத் தோய்க்கும் முறை எனக்குச் செவ்வாய்.
நிலக்கீழ் அறைக்குள் கூடையோடு போனால்
ஆறு கொடியிலும் தாள்கள்.

மூன்றாம் மாடி ரெகுலா ட்சூடி
முழங்கால்வரை நனைந்து நின்றாள்.
இரவு குழாய் வெடித்ததாம்,
அவளுடைய கூண்டறைக்குள் பதினேழு பெட்டி.
"மன்னியுங்கள், இன்று உங்கள் நாள்" என்றாள்
என் மடியில் இருந்ததைப்
பறித்துவிட்டவள் போல.

வியோலா டமோரே. பெயரை
இரண்டு தரம் சொல்லவைத்தேன்.
வில் தொடுகிற தந்தி ஏழு.
அடியில் இன்னும் ஏழு,
யாரும் தொடாமலே அதிர்கிறவை.
பாட்டுக்குப் பாட்டு சுருதி மாறுமாம்;
தாளில் எழுதியிருப்பது விரலுக்கு,
காதில் விழுவது வேறு.
அது எனக்கு உடனே விளங்கியது.
வீடு கேட்டு எழுதிய மனுவில் நாங்களும்
"சத்தமில்லாத குடும்பம்" என்றுதான் போட்டோம்.

அச்சடித்தவை தப்பிவிட்டன.
கையால் எழுதியவைதான்
நீலமாய்க் கரைந்து நிலத்தில் சொட்டின.
கிளிப் முடிந்ததும் என்னுடையதைக் கொடுத்தேன்.
வெறுங்கையாய்த் திரும்ப மனமில்லை:
தயாபரனின் சமையல் சட்டை ஒன்றை மட்டும் தோய்த்து
இரண்டு தாளுக்கு நடுவே செருகினேன்.

புதன் காலை
சட்டையின் நெஞ்சில் ஒன்றரை வரி சுரம்,
இடம் வலம் மாறி.
பக்கத்துத் தாளில் வெறும் மங்கல்.
தோய்த்துத் தருகிறேன் என்றேன், பழக்கதோஷம்.
"தொடாதே!"
நாலு வருடத்தில் முதல் தடவையாக
"நீ" போட்டுக் கதைத்தாள்.

கண்ணாடிக்கு முன்னால்
சட்டையை விரித்துப் பிடித்தேன்.
அவள் பார்த்துப் பார்த்துப் பென்சிலால் எழுதினாள்.
ஓரிடத்தில் தயங்கி,
இது சுரமா, வேறேதுமா என்றாள்.
அதை எனக்குத் தெரியும்.
போன தையில் தெறித்த சோஸ்,
எத்தனை தோய்ச்சலுக்கும் அசையாதது.
வாய்க்குள் பாடிப் பார்த்தாள்.
"இருந்தாலும் இங்கே ஒன்று வேண்டும்"
என்று அதையும் எழுதினாள்.

அடுத்த வார அட்டவணையில்
வியாழனும் என் பெயரில் இருந்தது.

அவளுடைய பட்டியலில் இப்போது
பெட்டி பதினெட்டு:
சட்டை, பருத்தி, வெள்ளை,
அளவு ஐம்பத்திரண்டு, கறை ஒன்று.

தயாபரன் இன்னும் கேட்கிறான்
அது காய்ந்ததா என்று.