கரண்ட் பில்லின் பின்பக்கம்

வெள்ளவத்தை வீட்டுக்காரர்
தையிலிருந்து பதினைந்தாயிரம் கூட என்று
வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போன இரவு
கரண்ட் பில்லைத் திருப்பிப் போட்டு
மூன்று கோடு இழுத்தேன்.
வவுனியா, மட்டக்களப்பு, திருகோணமலை.

வவுனியாவில் வாடகை மலிவு.
கேத்தலில் சுண்ணாம்பு படியும்.
தவேந்திரனின் சித்தப்பா அங்கே இருக்கிறார்;
அவரை நன்மையில் எழுதுவதா தீமையில் எழுதுவதா என்று
இரண்டு பேரும் சண்டை பிடித்தோம்.

மட்டக்களப்பில் நல்ல பள்ளிக்கூடம்,
என் மச்சாள்மார் மூன்று பேர்,
மூன்று பேருக்கும் என் சம்பளம் தெரியவேண்டும்.

திருகோணமலைக்கு நேரே
ஆஸ்பத்திரி, சிக்னல், இரவு ரயில் என்று எழுதிக்கொண்டே வந்து
கடைசியில் கடல் என்று எழுதினேன்.
அதற்கு எவ்வளவு போடுவது?
தவேந்திரன் பேனையை வாங்கிச்
சைபர் போட்டான்.

மார்கழி மழைக்குள் போய் இறங்கினோம்.
பஸ் நிலையத்தில் ஒரு புள்ளிமான்
யாரோ எறிந்த லஞ்ச் ஷீற்றை மென்றுகொண்டு நின்றது.
மகள் அதையும் எழுதச் சொன்னாள்.
புரோக்கர் நிஸ்தார், குடைக்குள் பாதி மழைக்குள் பாதி,
“உவர்மலை உங்களுக்குச் சரிவராது தங்கச்சி,
அது ஒபிசர்மார் விலை” என்றார்,
எங்கள் செருப்பை ஒருதரம் பார்த்துவிட்டு.

அலஸ்தோட்டம். கடலிலிருந்து மூன்றாவது ஒழுங்கை.
இரண்டு அறை, சீற் கூரை, உப்புக் கரிக்காத கிணறு.
பெர்னடெற் அக்கா சொன்ன விலை
எங்கள் பழைய வாடகையில் பாதிகூட இல்லை.
பேரம் பேசவில்லை.
இருக்கிற ஆளும் விட மாட்டன் எண்டு நிக்குதாம் என்று
நிஸ்தார் முணுமுணுக்க,
நாலாயிரம் கூட்டியும் கொடுத்தோம்.
எவ்வளவு தாராளம் அன்றைக்கு எங்கள் கை.

“சித்திரை மட்டும் இருங்கோ பிள்ளை.
பிறகு வெள்ளைக்காரர் வரத் தொடங்குவினம்,
அப்ப பார்த்துக் கதைப்பம்.”
அந்த மழையில் சித்திரை
வேறு யாருடைய நாட்டிலோ இருந்தது.

குடிவந்த இரண்டாம் கிழமை
சைக்கிளில் சூடை கொண்டுவருகிறவர்
படலையில் நின்று லிங்கண்ணை, லிங்கண்ணை என்று கூப்பிட்டார்.
ஆஸ்பத்திரியில் அட்டென்டன்ட்டாம்.
ஆறு வருடம் இந்த வீட்டில்.
“நீங்கள்தானோ அந்த நாலாயிரம்”
கோபமில்லை. தராசு முள்ளைப் பார்த்தபடி கேட்டார்.
ஒரு மீன் கூடுதலாகப் போட்டார்.
அந்த மீனை எந்தப் பக்கம் எழுதுவது?

குசினிக் கதவை உள்ளே நின்று சாத்தினால்தான் தெரியும்,
பின்சுவரில் பென்சில் எழுத்து.
நிலாவெளி, இருபத்திரண்டு.
கிண்ணியா, பதினெட்டு, பிள்ளையின் ஸ்கூல் தூரம்.
குச்சவெளி, பதின்மூன்று, தண்ணிக்குப் பவுசர், முதல் பஸ் 5.10.
குச்சவெளிக்கு அடியில் இரண்டு தரம் கோடு,
இரண்டாவது தரம் பென்சில் முறிந்திருக்கிறது.
கடலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

பெயின்ற் வாளியோடு வந்த தவேந்திரனிடம்
அந்த இடத்தை விடச் சொன்னேன்.
ஏன் என்று கேட்டான். பிறகு வாசித்தான்.
அன்றைக்குக் குசினியில் மூன்று சுவர்தான் முடிந்தது.

விடியப்புறம் நிலாவெளி வீதியில்
பஸ் ஒன்று நீளமாக ஹோன் அடித்துப் போகிறது.
எதில் வருகிறார் என்று தெரியாது.
எனக்கு அதோடு தூக்கம் கலைகிறது.

சித்திரைக்கு இன்னும் அறுபத்தெட்டு நாள்.
மழை விட்டுவிட்டது.
ஒழுங்கை முனையில் ஒரு பெடியன்
பலகைக்கு நீலம் அடித்துக் காயவைத்திருக்கிறான்.
இன்னும் ஒன்றும் எழுதவில்லை.
குசினிச் சுவரில்
குச்சவெளிக்குக் கீழே
இடம் இருக்கிறது.