ஐசியில் உள்ள எழுத்துப்படி

பீடோர் பெரிய ரோட்டில்
ஆ ஹெங்கின் இரும்புக்கடைக்கு மேலே
வாடகை அறை.
மேசையில் தட்டு, இடுக்கி, பூதக்கண்ணாடி,
நடுவில் மல்லாந்து கிடக்கிறது அலவன்.
இரவு ஒன்றரை. கீழே நிற்கும் லோரியிலிருந்து
செம்பனைக் குலைகளின் புளித்த வாசம்.

ஓட்டின் அகலம் முப்பத்தொன்று புள்ளி நான்கு மில்லிமீட்டர்.
வலக்கொடுக்கு பெரிது.
இடக்கொடுக்கில் கடுகளவு வெள்ளைப் புள்ளி.
ஆண்.
இனத்தைச் சொல்வது முகமல்ல,
வயிற்று மடலுக்குள் ஒளிந்திருக்கும் கலவிக்கால்.
இதன் உறவுகளுக்கெல்லாம் அது நேராக நிற்க
இதற்கு மட்டும் நுனி வெளியே திரும்புகிறது
பால்வெட்டும் கத்தியைப் போல.
அப்படியே எழுதினேன். அடித்தேன்.
படிக்கப்போகிறவர்கள் அந்தக் கத்தியைக் கண்டதில்லை.
'கொக்கி வடிவம்' என்றேன்.
பிறகு கொக்கியை அடித்துவிட்டுக்
கத்தியையே திரும்ப வைத்தேன்.
காணாதவர்கள் வந்து காணட்டும்.

நிறம்: உயிரோடு இருக்கையில் கத்தரிப்பூ ஊதா,
கணுக்களில் செங்காவி.
சாராயத்தில் மூன்று நாளில் வெளுத்துவிடும்,
அதனால்தான் இந்த அவசரம்.
"சாராயத்துல போட்டா கெடாதா?"
கேட்டவர் செங்கமலம்.
"எங்க வீட்டு ஆளு கெட்டுட்டாரே."

கண்டெடுத்தவரும் அவர்தான்.
இரண்டாம் டிவிஷனில் மருந்தடிக்கும் வேலை,
முதுகில் ஒரு தோம்பு நீலத் தண்ணீர்.
காலையில் பூட்ஸைக் கவிழ்த்தபோது விழுந்ததாம்.
பூட்ஸோடே கொண்டுவந்தார்.
"இது புதுசு" என்றேன். என் கை நடுங்கியது.
"எது புதுசு?
இருவத்தாறு வருசமா இதுங்கள மிதிக்காம நடக்குறேன்.
வறுத்தும் பாத்தாச்சு. எல்லாம் ஓடு, சதையே இல்ல."

குஞ்சு பொரித்தால் தாய் நண்டு சாகும் என்பது
நம் மொழியில் மிகப் பழைய நம்பிக்கை.
இரண்டாம் ஜாடியில் இருந்த பெட்டையின்
மடலை விரித்தேன்.
நாற்பத்துமூன்று குஞ்சுகள், மிளகளவு,
ஒவ்வொன்றும் முழு நண்டு.
கடலுக்குப் போய்த் திரும்பும் வேலை
இவற்றுக்கு இல்லை.
ஒரு வளை, கொஞ்சம் மழை, தாயின் வயிறு.
இவளைக் கொன்றது பிரசவம் அல்ல,
நான்.
அதை எழுத அட்டவணையில் கட்டம் இல்லை.
'பெட்டை ஒன்று, குஞ்சுகளுடன்.'

கிடைத்த இடம் என்ற வரியில்
பேனா நின்றது.
வரைபடத்தில் அந்த ஓடைக்குப் பெயரே கிடையாது.
செங்கமலத்தின் முகவரி இது:
உடைத்துப்போட்ட நாலாம் லயத்துக்குப் பின்னால்
லோங்காங் தாண்டி
மாரியாயி கல்லுக்கு இந்தப் பக்கம்.
பாகையும் கலையுமாக மாற்றி எழுதினேன்.
அடுத்த மாதம் அங்கே மறுநடவு.
மண்வாரி இயந்திரம் வந்து
கழுத்தை மடித்துக் காத்திருக்கிறது.

பெயர் ஒன்றுதான் பாக்கி.
"உங்க பேர வைக்கட்டுமா?"
சிரித்துக்கொண்டே ஐசியை நீட்டினார்.
அப்பா வைத்தது செங்கமலம்,
கிராணி எழுதியது சிங்கமாலம்.
"அம்பது வருசமா பாதி சிங்கமா அலையுறேன்.
அந்த நண்டையாவது ஒழுங்கா எழுதுங்க."
எங்கள் தொழிலிலும் ஏறக்குறைய அதே சட்டம்,
முதலில் அச்சேறியதே நிற்கும்,
பிழை என்று பிறகு யார் அழுதாலும்.
மூன்று முறை எழுத்துக்கூட்டிப் பார்த்தேன்.
பெண்ணுக்கு உரியதென்றால் லத்தீனில்
பெயரின் கடைசியில் ஓர் ஏகாரம் ஒட்டும்.
செங்கமலமே.
நம் இலக்கணத்தில் இது கூப்பிடுவது.

ஐந்தேகாலுக்குப் போன் அடித்தது,
பெரட்டுக்கு முன்னால்.
"சார், பூட்ஸுல இன்னொண்ணு.
கொண்டாரவா, உதறவா?"
"உதறிடுங்க" என்றேன்.
"மிஷின் வராத பக்கமா பாத்து உதறுங்க."

கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"அது எந்தப் பக்கம் சார்?"