வலப்பக்கம்

படத்தில் அந்தக் கலம் வருவது பதினோரு விநாடி.
வலமிருந்து இடமாக, அவசரமே இல்லாமல்,
வாடகை பாக்கி இல்லாதவர் படியிறங்குவதுபோல.
பதினோரு விநாடி என்றால்
இருநூற்று அறுபத்து நான்கு சட்டகம்.
ஒவ்வொன்றையும் நிறுத்திப் பார்த்திருக்கிறேன்
கோவண்டியில், மின்விசிறியும் நானும் மட்டும் விழித்திருக்க.

பகலில் எனக்குப் பல் வேலை.
சாவந்த் டாக்டர் அனுப்பும் அச்சுக்குப்
பீங்கான் பற்கள் செய்கிறேன்.
பளீரென்று செய்தால் பொய் தெரிந்துவிடும்.
ஐம்பது வயதுக்காரருக்கு
ஐம்பது வருடத் தேநீரையும்
இடுக்கில் தீட்டித் தரவேண்டும்.
அதே தூரிகைதான் இரவில்
உலைவாய்க்குக் கரி பூசுகிறது.

அசலைச் செய்தவர்கள்
கடையில் விற்ற பீரங்கி வண்டிப் பொம்மைகளை உடைத்து
மேலோடு முழுக்க ஒட்டியிருக்கிறார்கள்.
எந்தப் பொம்மை, எந்தச் சக்கரம்
என்று கண்டுபிடிப்பதற்குள் ஒரு வருடம் போயிற்று.
தின்யார் சோர் பஜாரில் கிடந்து தேடி
பெட்டி இல்லாத ஒன்றை எடுத்துவந்தான்.
பத்துப் பைசா அளவுச் சக்கரம் ஒன்றுக்காக
ஒரு முழு பீரங்கி வண்டி.
மிச்சம் இன்னும் என் கட்டிலுக்கடியில்
போருக்குத் தயாராக இருக்கிறது.

நூற்றுப் பத்தாம் சட்டகத்தில்
ஒரு தகடு கோணலாக ஒட்டியிருக்கும்.
அன்று யாருக்கோ பசித்திருக்கலாம்.
அளந்தேன், நான்கு பாகை.
நான்கு பாகை கோணலாகவே ஒட்டினேன்.
நேராக்கச் சொல்லிக் கை கெஞ்சியது.

ஜூலையில் வர்ணம் அடித்தால்
ஈரத்தில் பால்போலப் பூத்துவிடும்.
அடித்தேன். பூத்தது. சுரண்டினேன்.
ஆகஸ்டில் மறுபடியும்.

வலப்பக்கம்தான் தகராறு.
கேமரா பார்க்காததை ஸ்டுடியோவில் கட்டவே இல்லை.
வெறும் ஒட்டுப்பலகை,
தாங்குகம்பிக்கு ஒரு துளை,
குடல்போல விளக்கு வயர்கள்.
அப்படியே விடு, அதுதான் அசல் என்றான் தின்யார்.
நாக்கு படும் பக்கத்தை
வழவழப்பாக்காமல்
ஒரு பல்லைக்கூட நான் அனுப்பியதில்லை என்றேன்.
பல்லும் இதுவும் ஒன்றா என்றான்.
மூன்று வாரம் பேசவில்லை.
அந்த மூன்று வாரத்தில்
வலப்பக்கத்தை முடித்தேன்.
எப்படி முடித்தேன் என்று அவனுக்குச் சொல்லவில்லை.

கிங்ஸ் சர்க்கிளில் கண்காட்சி.
வடாலாவில் மாறி ஏறவேண்டும்.
பெண்கள் பெட்டியில், மார்போடு அணைத்த மூன்றடிப் பொதி.
கணபதிக்கு மண்டபமா? கேட்டாள் கீரைக்கட்டுக்காரி.
ஆமாம் என்றேன்.
உடனே நான்கு முழங்கால்கள் ஒதுங்கின.
துணிக்கு மேலேயே தொட்டு
ஒருத்தி கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.
இரண்டு சூரியன்களைக் கடந்த கலம்
அன்றுதான் முதல்முறையாக ஆசி வழங்கியது.

பள்ளிக்கூட ஹாலில் எனக்குக் கிடைத்தது மூலை மேசை.
வலப்பக்கம் சுவரைப் பார்த்தபடி,
இரண்டு விரல் இடைவெளி.
வந்தவர்கள் விலை கேட்டார்கள்,
பறக்குமா என்று கேட்டார்கள்.
கோணல் தகட்டைப் பார்த்து
ஒருவர் எனக்காக வருத்தப்பட்டார்.

பல்லுக்குக் கம்பி போட்ட ஒரு பெண், பன்னிரண்டு வயதிருக்கும்,
எதுவும் கேட்கவில்லை.
போனை இடுக்கில் நுழைத்தாள்.
சுவரில் ஒரு மின்னல்.
படத்தை விரித்து விரித்துப் பார்த்தாள்,
பிறகு என்னை,
பிறகு மறுபடி படத்தை.

என்ன இருக்கு? தின்யார் அவளிடம் இந்தியில் கேட்டான்.
நீங்களே எடுத்துக்கோங்க, அங்கிள்.

அவன் போனின் உறை தடிமன்.
நுழையவில்லை.
மேசையைக் கொஞ்சம் நகர்த்தலாமா என்றான்.
வயர் எட்டாது என்றேன்.

எட்டும். பத்தடி வயர்.
நானே வாங்கியது.