இருபது கிலோ வரை

புளியரைக்கு இந்தப் பக்கம், எடைமேடைக் கூண்டுக்குள்
ஒன்பது வருஷம் உட்கார்ந்திருந்தேன்.
தக்காளி, வைக்கோல், கோழி, எம்-சாண்ட்,
மலையேறி அந்தப் பக்கம் போகிற அத்தனைக்கும்
சீட்டுப் போட்டவள் நான்.
பார வண்டியில் காலி வண்டியைக் கழித்தால் சரக்கு.
உள்ளே இருப்பது பொன்னா மண்ணா
மேடைக்குத் தெரியாது.

பின்னால் எடுத்த டாரஸ்காரன் என்னைப் பார்க்கவில்லை.
கையில் சீட்டோடு நின்றேன்.
அவ்வளவுதான் ஞாபகம்.

தொடைக்குள் கம்பி. இடுப்பில் தகடு, ஆறு திருகாணி.
கொல்லம் ஆஸ்பத்திரியில் கஞ்சி வாசனையே ஆகவில்லை.
அறுபத்தொன்றாய் இருந்தவள் நாற்பத்தெட்டு ஆனேன்.
கட்டிலோடு சேர்த்து நிறுத்தார்கள்,
பிறகு கட்டிலைக் கழித்தார்கள்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
சிரித்தால் தையல் வலிக்கும் என்று அன்றுதான் தெரியும்.

வீட்டுக்கு வந்தேன். தெருவே ஊட்டியது.
மைமூன் மதினி வீட்டிலிருந்து ஆட்டுக்கால் சூப்பு,
ஒருநாள் விட்டு ஒருநாள், நெய் மிதக்க.
ஆடி பிறந்ததும் ஆரியங்காவு ஓமனா
கர்க்கிடகக் கஞ்சிக்குக் குறிப்பெழுதிக் கொடுத்துவிட்டாள்.
அதிலிருந்த ‘உலுவா’வைத் தேடி
என் வீட்டுக்காரர் கோமதிநாயகம்
செங்கோட்டைக் கடைகடையாக அலைந்தார்,
வெந்தயம் அடுப்படி டப்பாவில் இருக்க.
ராத்திரிகளில் அவர் கையில் பரோட்டாப் பொட்டலம்,
சால்னா தனிப் பையில்.
“உடம்பு தேறணும்லா.”

உடம்பு தேறியது, தேற வேண்டிய இடத்தில் அல்ல.
நாலாம் மாதம் அறுபத்தொன்பது.
நைட்டி வயிற்றில் இறுகியது,
அடிபட்ட கால் முருங்கைக்காயாய் வற்றிக் கிடந்தது.

யாரிடமும் சொல்லாமல் ராச்சாப்பாட்டை நிறுத்தினேன்.
ஜன்னல் கம்பிக்கு வெளியே ஒரு செவலை நாய்
என் பங்கில் கொழுத்தது.
மூன்றாம் வாரம் எழுந்தால் கண் இருட்டியது.
வாக்கரைப் பிடித்த கை நடுங்கியது.
ஆறின தையலில் ஒரு மூலை மறுபடி கசிந்தது.

தென்மலையிலிருந்து ஸ்கூட்டரில் வந்து
காலை மடக்கி நீட்டிவிடும் ஜிஷா கண்டுபிடித்துவிட்டாள்.
“பட்டினி கெடந்தா எல்லு எங்ஙனெ கூடும் சேச்சி?”
எள்ளுருண்டை கேட்கிறாளாக்கும் என்று
“தீர்ந்து போச்சே” என்றேன்.
எலும்பைத்தான் அவர்கள் எல்லு என்கிறார்கள்.
சிரித்து முடித்துவிட்டு,
எள்ளுருண்டையும் தின்னலாம், ஒன்று, என்றாள்.

பிறகு, காலையில் இரண்டு முட்டை.
மத்தி, பொரிக்காமல், குடம்புளி போட்டு.
அவித்த கடலை, கீரை, மோர்.
சோறு வழக்கத்தில் பாதி, ஆனால் மூன்று வேளையும்.
பசிக்குச் சாப்பிடு,
பார்க்க வந்தவர்களின் பரிதாபத்துக்குச் சாப்பிடாதே.
மதினியிடம் இதை எப்படிச் சொல்வது?
சூப்பில் நெய்யை ஒதுக்கச் சொன்னதற்கே
நாலு நாள் முகம் கொடுக்கவில்லை.

ஜிஷா ஒரு சின்னத் தராசைத் தரையில் வைத்தாள்.
அடிபட்ட காலை மட்டும் அதன்மேல்.
“இருபது கிலோ வரெ ஊன்றலாம். மேலே போகக் கூடாது.”
இருபது எனக்குத் தெரியும்.
தக்காளிப் பெட்டி ஒன்றுக்குக் கொஞ்சம் குறைவு.
வாக்கரில் மீதி உடம்பைத் தொங்கவிட்டேன்.
முள் ஆடியது. பதினொன்று. பதினாறு.
இருபத்து மூன்றில் உயிர் போய் வந்தது.
“ஓவர்லோடு,” என்றாள்.
ஒன்பது வருஷம் நான் மற்றவர்களிடம் சொன்ன சொல்.

இப்போது முப்பது ஊன்றுகிறேன்.
முழு எடை அறுபத்தாறு, போன வாரமும் அதுதான்.
அதில் சதை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு,
கம்பிக்கு எவ்வளவு கழிக்க வேண்டும்,
சீட்டில் அதெல்லாம் வராது.

நேற்று ராத்திரி கோமதிநாயகம் பொட்டலமில்லாமல் வந்தார்.
வாசலில் கொஞ்ச நேரம் கையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.
சட்டைப்பையிலிருந்து நாலு முட்டை எடுத்தார்.
ஒன்று உடைந்து பை நனைந்திருந்தது.
“உடைஞ்சதைக் கலக்கி ஊத்துங்க,” என்றேன்.
எண்ணெய் எவ்வளவு என்றார்.

ஒரு சொட்டு.
இல்லை, ரெண்டு.