கடைசி மீட்டர் அளவு

ஹாலே நகரம். நிலவறையில் நனைந்த கரி வாசனை.
ஹென்னிங் கைப்பேசி வெளிச்சம் பிடிக்க
குறித்துக்கொண்டேன்: 72779,1.
கடைசி இலக்கம் சிவப்பு.

காற்புள்ளியை எடுத்துவிட்டேன், பழக்கதோஷம்.
727791.
ஒற்றை எண். ஆளுக்குப் பாதி என்று
வக்கீல் எழுதியது இதனிடம் செல்லாது,
ஒன்று மிஞ்சும்.

வகுத்திகளையெல்லாம் கூட்டினாலும்
தன் உயரம் எட்டாத குறைவெண்.
இலக்கங்களை வர்க்கித்து, கூட்டி, மறுபடி வர்க்கித்துப் போனால்
ஒன்றில் போய் உட்காராது;
எண்பத்தொன்பதில் மாட்டிச் சுற்றும்.
மகிழா எண் என்பார்கள்.
பேர் வைத்தவன் வாயில் சர்க்கரை போட.

"என்ன முணுமுணுப்பு?"
"மூன்று, நாற்பத்தொன்று, அறுபத்தொன்று, தொண்ணூற்றேழு."
"கட்டணமா?"
"காரணிகள்."

மூன்றை வகுத்து வெளியே எடுத்தால்
மிச்சம் இரண்டு வர்க்கங்களாகப் பிரியும்:
286 ஒரு பக்கம், 401 ஒரு பக்கம்.
ஆளுக்கொரு சதுர அறை.
மூன்று உள்ளே இருக்கும்வரை
தலைகீழாக நின்றாலும் பிரியாது.

மேலே காலி வீட்டில் அருவி
எல்லா விளக்கையும் போட்டுவிட்டாள் போல.
தட்டு சுழன்றது.
சிவப்பு ஒன்று மெல்லப் புரண்டு
இரண்டானது.

"இரட்டை எண் ஆகிவிட்டதே," என்றான் ஹென்னிங்,
"மாற்றி எழுதேன்."

எழுதியது எழுதியதுதான் என்றேன்.