ஆவி

அவன் விட்டுப்போன வண்டியின் சீட்டில்
கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.
குஞ்சுகள் இறங்கும்வரை பொறுத்தேன்.
பிறகு மிளகு விற்ற காசை எண்ணிவிட்டு
இம்தியாஸுக்கு போன் போட்டேன்.

இரும்புத் தடி கட்டி இழுத்து இறக்கினோம்.
நாகலூரிலிருந்து ஏற்காடு, அங்கிருந்து
இருபது கொண்டை ஊசி வளைவும்
செத்த வண்டியின் ஸ்டியரிங்கைத் திருப்பியபடி நான்.
முன்னால் போன லாரியின் பின்பக்கத்தைத் தவிர
அன்றைக்கு மலையில் எதையும் பார்க்கவில்லை.

பள்ளப்பட்டியில் பானெட்டைத் தூக்கிப் பார்த்து
"இஞ்சின் இருக்குக்கா, மிச்சமெல்லாம் பேருக்கு" என்றான்.

காயலாங்கடை அர்த்தனாரி
எதைக் கேட்டாலும் முதலில் இல்லை என்பார்.
பீடி முடிந்ததும் எழுந்துபோய் எடுத்துவருவார்.
அப்படித்தான் கியர்பாக்ஸ் வந்தது,
ராசிபுரத்துக் கறிக்கோழி வண்டியிலிருந்து.
கழுவும்போது கிரீஸில் ஒட்டியபடி
ஒரு வெள்ளை இறகு.
மூன்றாம் கியர் துள்ளி வெளியே வரும்,
ஏற்றத்தில் இடது முட்டியால் அண்டை கொடுக்கணும்.
ரேடியேட்டர் வெள்ளைக்கல் சுரங்கத்தில் ஓடிய ஜீப்பினுடையது.
இரண்டு நாள் ஊறவைத்தும்
அரிசி களைந்த தண்ணீராகவே விட்டது.

இடது கதவு பால் வண்டியில் இருந்தது.
'ஆவின்' என்பதில்
'ன்' இருந்த இடத்தைத் துரு தின்றிருந்தது.
"பெயின்ட் அடிச்சு மூடிறலாமா?"
"மொதல்ல லைட்டு எரியட்டும் தம்பி."

பிரேக் மாஸ்டர் சிலிண்டர் ஒன்று
அர்த்தனாரியின் அலமாரியில் கண்ணுக்குத் தெரிந்தது.
கேட்டேன். இல்லை என்றார்.
பீடி முடிந்தது. எழுந்திருக்கவில்லை.
"மலைக்குப் போறவங்களுக்கு அத விக்கறதில்லமா.
புதுசா வாங்கு."
வாங்கினேன். மொத்த வண்டியில்
சீல் உடைத்துப் பிரித்தது அது ஒன்றுதான்.
அட்டைப்பெட்டியைத் தூக்கிப்போட மனசில்லை,
டீசல் பில்லெல்லாம் இப்போது அதில்தான்.

நான் நாலடி பத்து அங்குலம்.
சீட்டை ஒரு சாண் முன்னால் தள்ளி
அடியில் பலகை வைத்து உயர்த்தினான்.
கிளட்ச் மிதியின் மேல்
உடைந்த ஸ்பிரிங் பட்டையின் துண்டு,
மூணு விரல் கனம்.
"நகர்ற மாதிரி போல்ட்டு வெக்கட்டாக்கா?
வேற யாராச்சும் ஓட்டுனா?"
கையில் முகமூடியோடு காத்துக்கொண்டு நின்றான்.
"வெல்டு வெச்சிரு" என்றேன்.

முதல் லோடு கொய்யா.
அப்புறம் கல்யாண நாற்காலி, காப்பிக்கொட்டை,
ஒருமுறை சர்ச்சுக்கு ஆர்மோனியம்.
பதினாலாவது வளைவில் நிறுத்தித் தண்ணி ஊற்றாவிட்டால்
மூடியைத் தள்ளிக்கொண்டு கிளம்பும் வெள்ளையாய்.
"ஆவி வருது, ஆவி வருது" என்று
பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஓரம் ஒதுங்கும்.
கதவைப் படித்துத்தான் சொல்கிறார்களா,
புகையைப் பார்த்தா, தெரியாது.

தை மாதம் சடையன் வந்தான்,
திருப்பூர் துணிக்கடைப் பை ஒன்றோடு.
என்னைப் பார்த்தான், வண்டியைச் சுற்றிவந்தான்.
"ஆர்சி புக்கு எம்பேர்ல இருக்கு" என்றான்.
உண்மைதான். சாவியைக் கொடுத்தேன்.

ஏறினான், பாதி.
முட்டி டேஷ்போர்டில் இடித்தது,
ஸ்டியரிங் வயிற்றில் அமுங்கியது,
ஹாரன் அடித்தது, காப்பிக் களத்தில்
எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.
சீட்டுக்கடியில் கைவிட்டுத் துழாவினான்.
"லீவர் எங்க?"
"இல்ல."

கொஞ்ச நேரம் அப்படியே மடங்கி உட்கார்ந்திருந்தான்.
பிறகு ஒரு காலை வெளியே எடுத்தான், பிறகு மறுகாலை.

எனக்கு நாலு மணிக்குள் சேலத்தில் இறக்கணும்.
மேகம் வேறு கட்டிக்கொண்டிருந்தது,
வைப்பர் இன்னும் சரியில்லை.
"அடிவாரம் வரைக்கும் வர்றதுன்னா ஏறிக்க.
அந்தப் பக்கக் கதவ ரெண்டு தடவ அடிச்சுச் சாத்து."
எழுத்தின் மேல் கைவைத்து ஒரு கணம் நின்றான்.
ரெண்டு தடவை அடித்துச் சாத்தினான்.

இரண்டாம் கியரில் இறங்கினோம்.
ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.
பதினோராவது வளைவில் எதிரே பஸ்.
அவன் வலது கால்
வெறும் தகரத்தை அழுத்துவதைப் பார்த்தேன்.

பிரேக் என் பக்கம் இருந்தது.
புதுசு.