எக்கார்ட்டுக்குச் சொன்னது

நவம்பரில் மட்டும்தான் இந்தக் கறுப்பு பீர்.
ஃபிராங்கோனியக் குன்றுகளுக்கு நடுவே
பதின்மூன்று கிலோமீட்டர், நான்கு பீர் ஆலைகள்,
பஸ்ஸைத் தவறவிட்டால் ஐந்தாவதும்.
வருஷா வருஷம் நாங்கள் நான்கு பேர்.

வரைபடம் எக்கார்ட்டிடம் இருக்கும்.
பென்சிலால் மதிப்பெண் போடுவான், பத்துக்கு இத்தனை என்று.
ஒருமுறை ஒரு மடக்கு குடித்துவிட்டு
"புதுப் பீப்பாய்" என்றான். உள்ளே போய் விசாரித்தோம்.
புதுப் பீப்பாய்தான்.

போன பிப்ரவரிக் காய்ச்சலில்
அவன் மூக்கு அவனைக் கைவிட்டது.
காய்ச்சல் போயிற்று, வாசனை வரவில்லை.
கேஸ் கசிந்தால் தெரியாதே என்று
மின்னடுப்பு வாங்கினான். வேறெதுவும் சொல்லவில்லை.

இந்த முறை வருவானா என்று நாங்களும் கேட்கவில்லை.
ரயில் நிலையத்தில் முதல் ஆளாய் நின்றான்,
அதே பச்சைத் தொப்பி, அதே நோட்டு.

முதல் ஆலையில்
கோப்பையை விளக்குக்கு நேரே பிடித்தான்.
விளிம்பில் மட்டும் கொஞ்சம் சிவப்பு.
"சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்."

உலர்ந்த பிளம்ஸ் என்றாள் குண்டுலா.
இல்லை, கம்பு ரொட்டி, அதன் அடிப்பக்கம்,
அடுப்புக்கல்லில் ஒட்டியிருந்த இடம் என்றான் லோரென்ஸ்.
நான்: மழையில் நனைந்த சேணம்.
"நீ எப்போதடி சேணத்தை நக்கினாய்?"
என்று குண்டுலா கேட்க, சண்டை மூண்டது.
எல்லாவற்றையும் எழுதினான், சேணம் உட்பட,
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு.

இதற்கு முன் நாங்கள் எங்கே ருசித்தோம்?
குடித்தோம்,
அவன் சொன்னதற்குத் தலையாட்டினோம்.
இப்போதுதான் நாக்குக்கு வேலை வந்திருக்கிறது.
இரண்டாவது ஆலையில் லோரென்ஸ் கண்ணை மூடிக்கொண்டு
ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தான்,
மீசையில் நுரை முழுக்க உடைந்து தீரும்வரை.
சொல் வரவில்லை. "கறுப்பாக இருக்கிறது" என்றான்.

மூன்றாவதில் பீப்பாய் காலி.
முந்தாநாளே ஊர்த் தீயணைப்புப் படை
மொத்தத்தையும் அணைத்துவிட்டுப் போனதாம்.
ஆலைக்காரி ரோட்ராவ்ட் ரப்பர் பூட்ஸோடு வந்து
நிலவறைக்குக் கூட்டிப் போய்
தொட்டியிலிருந்தே பிடித்துக் கொடுத்தாள்.
இன்னும் முதிராதது, கலங்கல், பல் கூசும் குளிர்.

நாங்கள் மூவரும் முகர்ந்துகொண்டு நிற்க
எக்கார்ட் ஒரே மூச்சில் பாதி குடித்தான்.
கடைசி வாயை மட்டும் விழுங்காமல் வைத்திருந்தான்.
"கனம்" என்றான். "நாக்கின் ஓரத்தில் ஊசி.
அப்புறம்..." தேடினான். "பின்னால் எங்கோ, புகை."

இதில் புகை போட்ட மால்ட்டே கிடையாது
என்று சொல்ல ரோட்ராவ்ட் வாயெடுத்தாள்.
குண்டுலா அவள் பூட்ஸை மிதித்தாள்.

மேலே வந்தபோது தூறல் விட்டிருந்தது.
எதிர்வீட்டில் யாரோ விறகு பற்றவைத்திருந்தார்கள்.
அது நிலவறை வரை இறங்குமா, இறங்காதா?
நான்காவது ஆலை போகும் பாதை முழுக்க
எனக்கு அதே யோசனை.
எக்கார்ட் முன்னால் போய்க்கொண்டிருந்தான், விசிலடித்தபடி.
பத்துக்கு எத்தனை போட்டாய் என்றதற்கு
நோட்டைக் காட்டவில்லை.